கருவி நலம்

கடந்த பதினோரு ஆண்டுகளாக எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு மானிட்டர்கூடப் பழுதானதில்லை. உலகத்தில் வேறு எந்தப் பல்கலைக்கழகமும் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. நிலாவுக்கு ஆள் அனுப்பிய நாடுகளில்கூட மானிட்டர் பழுதாகியிருக்கிறது. எங்களிடம் ஆகவில்லை.

இதை நான் சொல்லவில்லை. மின்னணுக் கருவிகள் பராமரிப்பு மையத்தின் இயக்குநர் சொன்னார். போன ஜூலையில் முதலாண்டு மாணவர்களை வரவேற்கும் கூட்டத்தில், நெஞ்சில் கைவைத்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"பழுது என்கிற வார்த்தையை என் பேனா இதுவரை எழுதியதில்லை. அதை எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். கருவி கெடுவதில்லை, மாணவர்களே! பார்க்கிறவனின் பொறுமைதான் கெடுகிறது!"

கைதட்டினோம். நானும் தட்டினேன், அடுத்த வரிசைக்காரன் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. அப்போது என் அக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கவில்லை.

அக்கா பிறகு, ஜனவரி கடைசியில்தான் சேர்ந்தாள். சான்றிதழ்ப் பிரிவில் தற்காலிகத் தட்டச்சர். பழைய மதிப்பெண் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. இந்த ஆண்டு மார்ச் முடிவதற்குள் ஆயிரத்து இருநூறு பக்கங்களை ஏற்றி முடித்தால் வேலை நிரந்தரம், முடிக்காவிட்டால் வீடு என்று அவளுடைய ஒப்பந்தத்தில் ஒரே வரியில் இருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் எங்கள் வீட்டில் நாலு பேர் சாப்பிட்டோம்: அக்கா, ஆலை மூடி எட்டு மாதமாக வீட்டில் இருக்கும் மாமா, அவர்களுடைய நாலு வயது மகள், மூன்றாம் ஆண்டு படிக்கும் நான். மதியத்துக்கு மேல் நான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மானிட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தேன். என் சம்பளம் என் செருப்புக்குச் சரியாக இருந்தது.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சாலையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்கிறவள் அவள். மாமா கையைப் பிடித்து இழுத்தாலும் நகர மாட்டாள்.

பிப்ரவரி மாதம் ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"டேய், என் மானிட்டர ஆன் பண்ணா படம் வருது. ரெண்டு நொடி. அப்புறம் இருட்டாயிடுது."

"பச்சை லைட்டு எரியுதா?"

"எரியுதே. உள்ள எல்லாம் ஓடற மாதிரிதான் இருக்கு. கண்ணுக்குத்தான் தெரியல."

"பேக்லைட் போயிருக்குக்கா. கண்ணாடிக்குப் பின்னாடி சின்ன ட்யூப்லைட் மாதிரி இருக்கும். அதுக்குக் கரண்ட் குடுக்கிற போர்டுல ரெண்டு குட்டி டப்பா, கெப்பாசிட்டர்னு பேரு, உப்பியிருக்கும். அரை மணி வேலை. நாளைக்கு நான் வந்து..."

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். அதுக்குன்னு ஒரு மையம் இருக்கு. முப்பத்தெட்டு பேரு இருக்காங்க."

முப்பத்தெட்டு பேர் இருந்தது உண்மைதான். அக்கா மறுநாள் காலை விதிமுறைப் புத்தகத்தைப் படித்தாள். எந்தக் கருவியைப் பற்றிய புகாரோ, அந்தக் கருவியிலிருந்தே அனுப்பப்பட வேண்டும். வேறு கருவியிலிருந்து வருவது வதந்தியாகக் கருதப்படும் என்று அதில் இருந்தது. எனவே அக்கா மானிட்டரை அணைத்துப் போட்டாள். இரண்டு நொடி வெளிச்சத்தில் ஒரு கட்டத்தைப் படித்தாள். இருட்டில் அதை நிரப்பினாள். மறுபடி அணைத்துப் போட்டாள். நாற்பத்தொரு தடவை பொத்தானை அழுத்திப் புகாரின் கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். 'கருவியின் நிலை' என்ற அந்தக் கட்டத்தில் தேர்ந்தெடுக்க இரண்டே விடைகள் இருந்தன. ஒன்று, 'நலம்'. இன்னொன்று, 'மிக நலம்'. நேர்மையானவள் என்பதால் அக்கா முதலாவதைத் தேர்ந்தெடுத்தாள்.

ஒன்பதாம் நாள் மையத்திலிருந்து பரிசோதகர் வந்தார். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். கையில் ஒரு பெட்டி. உள்ளே நீல வெல்வெட்டுத் துணியில், நகைபோல ஒரு டார்ச் படுத்திருந்தது.

"ஜன்னல மூடுங்க. லைட்ட அணைங்க. எல்லாரும் எழுந்து நில்லுங்க."

சான்றிதழ்ப் பிரிவில் ஏழு பேர். ஏழு பேரும் இருட்டில் எழுந்து நின்றார்கள். ஏன் நிற்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஆனால் யாரும் உட்காரவில்லை. பரிசோதகர் டார்ச்சை மானிட்டர் கண்ணாடியின்மேல் சாய்வாகப் பிடித்தார்.

"கிட்ட வாங்கம்மா. கழுத்த சாய்ச்சுப் பாருங்க. என்ன தெரியுது?"

"மங்கலா ஏதோ... மாணவர் பேரு தெரியுது சார்."

"பேரு தெரியுதுல்ல?"

"டார்ச் அடிச்சா தெரியுது."

"டார்ச் அடிச்சாவா அடிக்காமலான்னு எங்க ஃபாரத்துல கட்டமே கிடையாதும்மா. படம் இருக்கா, இல்லையா? படம் இருக்கு. கருவி நலம்."

முத்திரை குத்தினார். டார்ச்சைத் துடைத்து வெல்வெட்டில் படுக்கவைத்தார். போய்விட்டார்.

இங்கே தொழில்முறையில் ஒன்றை விளக்கியாக வேண்டும். அந்த டார்ச் சோதனையை எங்கள் சந்துக் கடையிலும் செய்வோம். கண்ணாடியில் டார்ச் அடித்துப் படம் மங்கலாகத் தெரிந்தால், கண்ணாடி நன்றாக இருக்கிறது, பின்னால் இருக்கும் விளக்குத்தான் போய்விட்டது என்று அர்த்தம். உடனே திருப்புளியை எடுப்போம். அதாவது எங்களுக்கு அது முதல் சோதனை. மையத்துக்கு அதுவே கடைசிச் சோதனை. நாடி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, ஓடுகிறது என்றதும் நோயாளியின் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகும் வைத்தியரை நீங்கள் பார்த்ததில்லை என்றால், எங்கள் வளாகத்துக்கு வரலாம்.

அக்கா விடவில்லை. விதிப்படி மேல்முறையீடு செய்தாள். படம் இருக்கிறது, வெளிச்சம் இல்லை என்று எழுதினாள். அந்தக் கடிதம் மையத்தில் பெரிய குழப்பத்தை உண்டாக்கியது. வெளிச்சம் என்பது யாருடைய துறை? மின்பிரிவுப் பொறியாளரைக் கேட்டார்கள். கூரையில் தொங்கினால் என்னுடையது, பெட்டிக்குள்ளே இருந்தால் என்னுடையது இல்லை என்று அவர் எழுதிக்கொடுத்தார். உடனே 'ஒளி உரிமை ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டு மூன்று முறை கூடியது. மூன்று முறையும் அக்கா சாட்சியாகப் போய் நின்றாள். மூன்றாவது கூட்டத்தில் இயக்குநர் பேசினார்.

"ஒரு இருட்டு ரூம்ல நாற்காலி கண்ணுக்குத் தெரியல. நாற்காலி உடைஞ்சு போச்சுன்னு சொல்வோமா? சொல்ல மாட்டோம். ஆனா இந்தம்மா சொல்றாங்க."

குழு சிரித்தது.

"எங்க மையத்துல இத்தனை பேர் இருக்கோம். யார் கையிலயாவது ஒரு ஸ்க்ரூடிரைவர் பார்த்திருக்கீங்களா? பார்க்க முடியாது. திறந்து பார்த்துட்டுச் சொல்றவன் மெக்கானிக். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சந்துல உட்கார்ந்திருப்பான். திறக்காமலே சொல்றவன்தான் நிபுணர். நாங்க எதையும் திறக்கறதில்ல. அதனாலதான் எதுவும் கெடறதில்ல!"

மேசையைத் தட்டினார்கள். அக்கா மட்டும் கையைத் தூக்கினாள்.

"சார், மார்ச்சுக்குள்ள ஆயிரத்து இருநூறு பக்கம் முடிக்கணும். எப்படி சார் பார்க்கறது?"

இயக்குநர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கனிவோடு தலையசைத்தார். அந்தக் கனிவிலிருந்து பிறந்ததுதான் கையொளித் திட்டம்.

திட்டம் எளிமையானது. மானிட்டர் தெரியவில்லை என்று சொல்கிறவர்களுக்கெல்லாம் பல்கலைக்கழகம் ஒரு டார்ச் வழங்கும். கூடவே இரண்டு நாள் பயிற்சி. இடது கையில் டார்ச், வலது கையில் தட்டச்சு. ஒரு கையால் தட்டச்சு வராதவர்கள் டார்ச்சை வாயில் கவ்விக்கொள்ளலாம், ஆனால் மேலதிகாரி பேசும்போது எடுத்துவிட வேண்டும். பயிற்சியின் முடிவில் தேர்வு வைத்தார்கள். அக்கா இரண்டாமிடம். சான்றிதழைப் பார்த்த மாமா, "சட்டம் போட்டு மாட்டலாமா, இல்ல டார்ச் அடிச்சுத்தான் பார்க்கணுமா?" என்றார். அன்று இரவு அவருக்கு யாரும் சோறு போடவில்லை. அவரே போட்டுக்கொண்டார்.

பேட்டரி தீர்ந்தால் பழைய பேட்டரியை ஒப்படைத்துப் புதிது வாங்கலாம். ஆனால் தீர்ந்துவிட்டது என்று எழுதக் கூடாது, அது பழுதைக் குறிக்கும். 'பணி ஓய்வு பெற்றது' என்று எழுத வேண்டும். ஓய்வு பெற்ற பேட்டரிகளுக்கு ஒரு பதிவேடு திறந்து, அதற்கு ஓர் எழுத்தரைப் போட்டார்கள். மையத்தில் ஆள் எண்ணிக்கை முப்பத்தொன்பது ஆனது.

ஒரு நாளைக்கு அறுபது பக்கம் ஏற்றிக்கொண்டிருந்த அக்கா இப்போது பன்னிரண்டு பக்கம் ஏற்றினாள். மார்ச் நடுவில் அவள் கழுத்து நிரந்தரமாக இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. சாப்பிடும்போதும் சாய்ந்தே இருந்தது. பாப்பா அவளுக்கு எதிரே உட்கார்ந்து தானும் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் கதை கேட்டாள். மாதம் முடிய ஐந்து நாள் இருந்தபோது நானூறு பக்கம் பாக்கி இருந்தது. அன்று அக்கா சமையலறையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அழுகையும் இடப்பக்கமாகவே வழிந்தது.

மறுநாள் மதிய உணவு நேரத்தில், அவளைக் கேட்காமல், நான் போனேன். அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

"வேணாம்டா. ரூல் இல்ல."

"திறக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா?"

அக்கா விதிமுறைப் புத்தகத்தை எடுத்தாள். ஐந்து நிமிடம் புரட்டினாள். "எழுதல," என்றாள், ஏமாற்றத்தோடு. மானிட்டர் திறக்கக்கூடிய பொருள் என்பதே மையத்துக்குத் தோன்றியிருக்கவில்லை.

அவளுடைய துப்பட்டாவை மேசைமேல் விரித்து மானிட்டரைக் கவிழ்த்தேன். நாலு திருகாணி. ஓரத்தில் நெம்பினால் மூடி வந்துவிடும். உள்ளே, நான் நினைத்த இடத்தில், நினைத்த இரண்டு கெப்பாசிட்டர்களும் தலையில் அடிவாங்கியவர்கள் மாதிரி உப்பிக்கொண்டு நின்றன. எடுத்தேன். புதிது இரண்டை வைத்துப் பற்றவைத்தேன். மூடினேன். பொத்தானை அழுத்தியதும் வெளிச்சம் வந்தது, இரண்டு நொடி ஆனது, மூன்றாவது நொடியும் ஆனது.

அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். "எழுத்தெல்லாம் இவ்ளோ பெரிசாவாடா இருந்துச்சு?"

இரவு வரை உட்கார்ந்து ஏற்றியதில், நாலு நாளில் நானூறு பக்கமும் முடிந்தது. ஆனால் நாலாவது நாள் மாலை, தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த பரிசோதகர், சான்றிதழ்ப் பிரிவின் கதவுக்கு அடியிலிருந்து நீலமாக ஏதோ கசிவதைப் பார்த்துவிட்டார். அக்காவுக்குக் குறிப்பாணை வந்தது. பொருள்: அனுமதியற்ற வெளிச்சம்.

விசாரணை இயக்குநரின் அறையில் நடந்தது. வளாகத்து மானிட்டர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் வாங்கியவை. அதனால் அந்தக் கோடையில் அறை அறையாக இருட்டிக்கொண்டு வந்தன. ஒவ்வோர் அறையிலும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு டார்ச்சோடு வேலை பார்த்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பல்கலைக்கழகம் முழுக்கத் திருடர்கள் புகுந்ததுபோல இருக்கும். இயக்குநரின் மானிட்டர் மட்டும் நன்றாக எரிந்தது. அவர் அறையில் குளிர்சாதனம் உண்டு. சூடுதான் கெப்பாசிட்டருக்கு எமன்.

"பழுதாகாத கருவிய நீங்க சரிபண்ணியிருக்கீங்க," என்றார் இயக்குநர். "அதாவது என்ன அர்த்தம்? அது பழுதாயிருந்துச்சுன்னு ஊரறியக் காட்டிட்டீங்க. பதினோரு வருஷ சாதனை. ஒரு ஸ்க்ரூடிரைவர்ல முடிச்சிட்டீங்க."

"சார், நான் ஆயிரத்து இருநூறு பக்கமும் முடிச்சிட்டேன்."

"முடிச்சதுதாம்மா குற்றமே! டார்ச்சோட அவ்வளவு வேகமா முடிக்க முடியாதுன்னு எங்க புள்ளிவிவரமே சொல்லுது."

தீர்ப்பு இரண்டு பகுதிகளாக வந்தது. ஒன்று, அக்காவின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. இரண்டு, மானிட்டர் அதன் முந்தைய நலமான நிலைக்குத் திருப்பப்பட வேண்டும். இரண்டாவதைச் செய்ய மையத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே மானிட்டர் கடைப் பையன் என்ற முறையில் எனக்கு வாயில் அனுமதிச் சீட்டுக் கொடுத்து அழைத்தார்கள். உப்பிப்போன இரண்டு கெப்பாசிட்டர்களையும் தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பரிசோதகர் டார்ச்சைப் பிடிக்க, நல்லவற்றைக் கழற்றி, செத்தவற்றைத் திரும்பப் பற்றவைத்தேன். திரை இரண்டு நொடி எரிந்து அணைந்தது. பரிசோதகர் பெருமூச்சு விட்டார்.

"இப்பத்தான் தம்பி நிம்மதி."

"எனக்கும்தான் சார்," என்றேன். நான் பொய் சொல்லவில்லை. எந்த முடிவும் எடுக்காதவரைக்கும்தான் மனசு அலைபாயும். நான் அந்த இரண்டு நொடியில் எடுத்துவிட்டேன்.

அக்கா பதிவாளரிடம் முறையிட்டாள். அவர் நல்ல மனிதர். தாள் இருந்தால் எதற்கும் இரங்குவார்.

"எழுத்துல ஒரு தாள் கொண்டாம்மா. இந்த வளாகத்துல ஒரு மானிட்டராவது பழுதாச்சுன்னு, பொறுப்பான ஒருத்தர் கையெழுத்துல. ஒரே ஒரு தாள் போதும். மானிட்டர் பழுதாகக்கூடிய பொருள்னு நிரூபணமாயிடும். அப்ப நீ சரிபண்ணினது சரின்னு எழுதி, வேலையைத் திருப்பிக் குடுத்துடறேன். இருபது நாள் டைம். அதுக்கப்புறம் அந்த இடத்துக்கு ஆள் போட்டுடுவாங்க."

ஆள் ஏற்கெனவே தயார். இயக்குநரின் மைத்துனர் வீட்டில் கழுத்தைச் சாய்த்துப் பழகிக்கொண்டிருந்தார்.

அக்கா அறை அறையாகப் போனாள். இருநூற்றுப் பதினாலு அறைகள். எல்லா அறையும் இருட்டு. எல்லோரும் அவளுக்காகப் பரிதாபப்பட்டார்கள், வாயிலிருந்து டார்ச்சை எடுத்துவிட்டுப் பரிதாபப்பட்டார்கள். கையெழுத்து மட்டும் ஒருவரும் போடவில்லை. நாலாம் நாள் வந்து எங்கள் கடைக் கல்லாவில் உட்கார்ந்தாள். ரசீது எழுதும் பையன் நின்றுவிட்டதால் முதலாளி அவளை அந்த வேலைக்கு வைத்துக்கொண்டார்.

"அக்கா, இயக்குநரோட மானிட்டரும் அதே செட்டுதான். அதுவும் போகும்."

"எப்ப?"

"ஏசி ரூம். நாலு மாசம் ஆகும்."

"நமக்குப் பதினாறு நாள்தான் இருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "டேய், நீ அதுமேல கைய வைக்கக் கூடாது. வச்சா நான் உன்னைக் காட்டிக்குடுத்துடுவேன்."

செய்வாள். அதனால் நான் கைவைக்கவில்லை. ஒரு பரிசு கொடுத்தேன்.

பல்கலைக்கழக விழா மலர்களிலிருந்து இயக்குநரின் படங்கள் நூற்றுப் பன்னிரண்டைத் திரட்டினேன். விளக்கேற்றும் இயக்குநர். நாடா வெட்டும் இயக்குநர். டார்ச்சை உயர்த்திப் பிடித்துத் தூரத்தைப் பார்க்கும் இயக்குநர். ஒன்றன்பின் ஒன்றாக மலர்ந்து மறையும்படி கோத்து, 'ஒளி தந்த உத்தமர்' என்று தலைப்பிட்டு, மாணவர் நன்றிக் குழுவின் சார்பில் பரிசோதகர் மூலமாக அனுப்பினேன். குழுவின் உறுப்பினர் நான். தலைவரும் நானே. அதை ஓடவிட்டால் மானிட்டர் தூங்காது. படங்கள் எடுப்பாகத் தெரிய வெளிச்சத்தை உச்சத்தில் வைக்கவும் என்று ஒரு சின்ன வேண்டுகோளும் வைத்திருந்தேன்.

இயக்குநர் அதை முதல் நாள் மூன்று மணி நேரம் பார்த்தாராம். இரவும் பகலும் அணைக்கக் கூடாது, கூட்டிப் பெருக்க வருகிறவர்களும் பயனடையட்டும் என்று உத்தரவு போட்டாராம். மாலை ஐந்து மணிக்குக் குளிர்சாதனம் நின்றுவிடும். ஜன்னல் இல்லாத அறை. ஏப்ரல் மாத வெக்கையில், பூட்டிய கதவுக்குப் பின்னால், உச்ச வெளிச்சத்தில், தன்னைத் தானே பார்த்துச் சிரித்தபடி இயக்குநர் விடிய விடிய வெந்துகொண்டிருந்தார்.

நான் காத்திருந்தேன். பழிவாங்குவதில் இவ்வளவு ஓய்வு கிடைக்கும் என்று எனக்கு முன்னமே தெரியாது. தேர்வுக்குக்கூடப் படித்தேன்.

பன்னிரண்டாம் நாள் பரிசோதகர் கடைப் பக்கம் வந்தபோது, "சார் முகம் கொஞ்சம் துடிக்குது தம்பி," என்றார்.

"கோபமா?"

"இல்ல, மானிட்டர்ல."

பதினாலாம் நாள் காலை தானாக அணைந்து கிடந்தது, பொத்தானை மூன்று முறை அழுத்தினால்தான் எரிந்தது. பதினெட்டாம் நாள், புதன்கிழமை, காலை பதினொன்றுக்கு இரண்டு நொடி எரிந்து அணைந்தது. மறுநாள் வெளியூரிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. பழுதில்லா வளாகத்தின் கணக்கை இயக்குநரின் அறையில், இயக்குநரின் திரையில் பார்த்துவிட்டு, அவருக்கு ஐந்தாண்டுப் பதவி நீட்டிப்புத் தருவதாக ஏற்பாடு.

இயக்குநர் முதலில் பரிசோதகரைத்தான் கூப்பிட்டார். பரிசோதகர் கையுறை போட்டார். ஜன்னல் இல்லாததால் கதவை மூடினார். விளக்கை அணைத்தார். இயக்குநரை எழுந்து நிற்கச் சொன்னார். பழக்கதோஷம். டார்ச்சை அடித்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"படம் இருக்கு சார். நாடா வெட்டறீங்க. கருவி நலம்."

சொல்லிவிட்டு விதிப்படி ஒரு டார்ச்சை மேசைமேல் வைத்துக் கையெழுத்துக் கேட்டாராம். என்ன பதில் கிடைத்தது என்று அவர் எங்களிடம் சொல்லவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

பிறகு வேறோர் அறையிலிருந்து நல்ல மானிட்டர் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். முப்பத்தொன்பது பேரும் வளாகம் முழுக்க அலைந்தார்கள். இருநூற்றுப் பதினாலு அறையிலும் எல்லாக் கருவிகளும் நலமாக இருந்தன. ஒன்றில்கூட வெளிச்சம் இல்லை. புதிதாக வாங்கலாம் என்றால், பழைய ஒன்று பழுதானதாகக் காட்டாமல் புதியது வாங்கக் கூடாது என்று அவரே விதி எழுதிவைத்திருந்தார்.

மதியம் இரண்டு மணிக்கு, எங்கள் சந்தின் முனையில் ஒரு வாடகை வண்டி நின்றது. போர்வையில் சுற்றிய ஒன்றைக் குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு, கைக்குட்டையை மூக்குவரை கட்டிக்கொண்டு, ஒருவர் இறங்கினார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கல்லாவில் அக்கா. பட்டறையில் நான். கடையில் இன்னொரு வாடிக்கையாளர், ரேடியோவோடு ஓர் அம்மாள்.

அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. விசாரணையின்போது அவர் கோப்பைத்தான் பார்த்தார், அக்காவை இல்லை.

"கொஞ்சம் அவசரம்மா. உடனே பார்த்துக் குடுத்துடணும்."

"ஆகட்டும் சார். இந்த ரசீதுல என்ன பழுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"நீங்களே எழுதிக்கோங்களேன்."

"வாடிக்கையாளர் கைப்பட எழுதணும். முதலாளி ரூல் சார்." அது பழிக்காகச் சொன்னதல்ல. முதலாளியின் விதி அதுதான். நாட்டின் தலைவரே வந்திருந்தாலும் அக்கா அதைத்தான் சொல்லியிருப்பாள்.

இயக்குநர் பேனாவை எடுத்தார். சற்று யோசித்து, அழகான கையெழுத்தில், 'ஒளி ஓய்வில் உள்ளது' என்று எழுதி நீட்டினார்.

அக்கா படித்தாள். "ஓய்வுன்னா நாங்க தொந்தரவு பண்ண மாட்டோம் சார்."

ரேடியோ அம்மாள் எட்டிப் பார்த்தார். இயக்குநர் ரசீதை இழுத்து, அடித்துவிட்டு, 'கருவி நலம். வெளிச்சம் மட்டும் வேண்டும்' என்று எழுதினார்.

அக்கா அதையும் படித்தாள். இந்த முறை அவள் குரல் தாழ்ந்துவிட்டது.

"நலமா இருக்கிற கருவியைச் சரிபண்றது தப்பு சார். ஒரு தடவை செஞ்சு எனக்கு வேலையே போச்சு."

இயக்குநர் நிமிர்ந்தார். கைக்குட்டைக்கு மேலே கண்கள் அவள் முகத்துக்கு வந்தன, முகத்திலிருந்து இடப்பக்கம் சாய்ந்த கழுத்துக்குப் போயின, அங்கேயே நின்றன.

"தம்பி," என்றார் என்னிடம், ஒரு வழியாக. "நீயாவது சொல்லேன்பா. கெப்பாசிட்டரோ என்னமோ சொல்வாங்களே. திறந்து பாரேன்."

"திறக்காமலே சொல்றேன் சார்." போர்வையை விலக்கி, கடைக் கணினியின் வயரைச் சொருகி, அதில் நான் கோத்துவைத்திருந்த படங்களை ஓடவிட்டு, எங்கள் கடை டார்ச்சை, அதற்கு வெல்வெட்டெல்லாம் கிடையாது, ரப்பர் சுற்றியிருக்கும், கண்ணாடியில் சாய்வாக அடித்தேன். ரேடியோ அம்மாளையும் கிட்டே கூப்பிட்டுக் காட்டினேன். "படம் இருக்கு. தெளிவா இருக்கு. நாடா வெட்டறீங்க."

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் அந்த அம்மாள். "இதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தீங்க? லைட்டப் போட்டுப் பாருங்க."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டரை. இயக்குநர் அதைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். வாடகை வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

அக்கா ரசீதுப் புத்தகத்தில் புதுத் தாளைப் புரட்டி, அடியில் கார்பனை நேராக வைத்து, அவர் பக்கம் திருப்பினாள். இயக்குநர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். இடது கையைக் குவித்து, ரேடியோ அம்மாளுக்குத் தெரியாதபடி தாளை மறைத்துக்கொண்டு, தேர்வில் பார்த்து எழுதுகிறவன்போலக் குனிந்து, எழுதினார். மூன்றே வார்த்தை. என் மானிட்டர் பழுது.

கையெழுத்தும் போட்டார்.

"கீழ பதவியும் எழுதிடுங்க சார்," என்றாள் அக்கா.

நீளமான பதவி. ஒரு வரியில் அடங்கவில்லை. இரண்டாவது வரியிலும் எழுதினார்.